ஓவிய மேதை இராஜா இரவிவர்மா



நம்ம வீட்டுச் சாமி மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாமரைப் பூ மேலே லட்சுமி நிற்கிறாள். பக்கத்தில் யானை மாலையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடுத்த படத்தில் சரஸ்வதி வீணையோடு உட்கார்ந்திருக்கிறாள்; பக்கத்தில் மயில். பட்டணத்து மளிகைக் கடையில் தீபாவளிக்குக் கொடுத்த காலண்டராக இருக்கலாம், பாட்டி காலத்தில் சட்டம் போட்ட படமாக இருக்கலாம். லட்சுமி என்றதும் நம் மனக்கண்ணில் வந்து நிற்கிற முகம் அதுதான். அந்த முகத்தை இப்படித்தான் இருக்கும் என்று நமக்கெல்லாம் காட்டிவிட்டுப் போன மனிதரைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத வந்தேன். ஆனால் சாமி படம் போட்டதைவிட, மனிதர்களை எதிரே உட்கார வைத்து அவர்கள் முகத்தை வரைந்ததில்தான் அவருடைய பெருமை தொடங்கியது. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு ஒரு காரணமும் உண்டு.

நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தபோது என் பாட்டி இறந்துபோனார்கள். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டியவர்கள். கருமக்கிரியைக்குப் படம் வேண்டும் என்று வீடெல்லாம் தேடினோம். ஒரு படம் கிடையாது. கடைசியில் அடையாளக் கார்டில் இருந்த படத்தைக் கொண்டுபோய் ஒரு படக் கடையில் பெரிதாக்கிக் கொடுக்கச் சொன்னோம். அவர்கள் பின்னால் நீல நிறம் அடித்து, பாட்டிக்குப் பட்டுச் சேலை கட்டி, அவர்கள் ஆயுளில் போடாத இரட்டை வடச் சங்கிலியும் போட்டுக் கொடுத்தார்கள். கண் அதே கண், மூக்கு அதே மூக்கு. ஆனால் அப்பா அதைப் பார்த்துவிட்டு, இது என் அம்மா இல்லை என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். கார்டு எடுக்கப் போன அன்றைக்கு மிரண்டுபோய் உட்கார்ந்திருந்த ஒரு கிழவிதான் அந்தப் படத்தில் இருந்தாள். தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தி மண்டோரிடம் நியாயம் கேட்கிற எங்கள் பாட்டி அதில் இல்லை.

முகம் ஒத்துப் போவது வேறு, ஆள் வந்து உட்காருவது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இரவிவர்மா தம் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டது இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை மூடத்தான் என்று நான் நினைக்கிறேன்.

இரவிவர்மா 1848-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ஆம் நாள், அப்போதைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் உள்ள கிளிமானூர் என்ற ஊரில் பிறந்தார். இராஜா என்ற பட்டம் பெயரோடு சேர்ந்திருப்பதால் அவர் நாடாண்ட மன்னர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரச குடும்பத்தோடு திருமண உறவு கொண்ட ஒரு பிரபுக் குடும்பம், அவ்வளவுதான். தாயார் உமையம்பா தம்புராட்டி பாட்டுக் கட்டுவதில் வல்லவர். தகப்பனார் நீலகண்டன் பட்டதிரிப்பாடு சமஸ்கிருதம் படித்த பண்டிதர். தாய்மாமன் இராஜராஜ வர்மா ஓவியம் தெரிந்தவர். அந்த மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தவர் நம் மதுரையிலிருந்து திருவிதாங்கூர் அரண்மனைக்குப் போன அழகிரி நாயுடு என்ற ஓவியர். ஆக, கேரளத்துப் பிள்ளையின் கைக்கு வந்த கலையில் மதுரை வாசனையும் இருந்தது.

சிறு பிள்ளையாக இருந்தபோது கரித்துண்டை எடுத்து வீட்டுச் சுவரெல்லாம் மாடு, ஆடு, ஆள் என்று கிறுக்கி வைப்பாராம். வேலைக்காரர்கள் சுவரைக் கழுவிக் கழுவிச் சலித்துப்போனார்கள். ஒரு நாள் மாமா ஒரு படத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போனபோது, பையன் போய் அதில் ஒரு பறவையை வரைந்து வைத்துவிட்டான் என்று அந்தக் குடும்பத்தில் ஒரு கதை சொல்வார்கள். மாமா திரும்பி வந்து பார்த்தார். பையன் முதுகில் பிரம்பு விழவில்லை. அன்றிலிருந்து அவரே உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. நம் தோட்டத்தில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் பிள்ளை கரியால் கிறுக்கினால் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படம் போட்டதற்காக நானே சில பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன். இதை எழுதும்போது அந்தப் பிள்ளைகள் முகம் ஞாபகத்துக்கு வருகிறது.

பதினான்கு வயதில், 1862-இல், மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போனார். அப்போது ஆண்டுகொண்டிருந்த ஆயில்யம் திருநாள் மகாராஜா கலைகளில் பிரியமுள்ளவர். பையனின் படங்களைப் பார்த்து, அரண்மனையிலேயே தங்கி வரையச் சொல்லி உத்தரவு கொடுத்தார். அரண்மனைப் புத்தகசாலையில் இருந்த ஐரோப்பிய ஓவியப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கிற வாய்ப்பும் கிடைத்தது.

எல்லாம் சரி. ஆனால் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. எண்ணெய் வண்ணம் என்பது அப்போது நம் நாட்டுக்குப் புதிது. தஞ்சாவூர்ப் பாணிப் படங்களுக்குப் பயன்படுத்திய வண்ணம் போட்டவுடன் காய்ந்துவிடும். ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் வைக்கலாமே தவிர, இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்று கரைக்க நேரம் இருக்காது. அதனால் முகம் தட்டையாகத் தெரியும். எண்ணெயில் குழைத்த வண்ணம் நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். கன்னத்தின் வெளிச்சத்தை மெதுவாகக் காதோரத்து நிழலில் கரைத்துவிடலாம். அப்போதுதான் முகத்துக்கு உருட்சி வரும், தோலுக்கு உயிர் வரும். அந்த வித்தை திருவனந்தபுரத்தில் தெரிந்தவர் அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர். அவரிடம் போய்க் கேட்டபோது சொல்லித்தர முடியாது என்று மறுத்துவிட்டார்.

நாயக்கரைக் கொடுமைக்காரர் என்று நான் எழுத மாட்டேன். அவருக்கு அந்தத் தொழில்தான் சோறு. அரண்மனைக்கு வேண்டப்பட்ட குடும்பத்துப் பையன் ஒருவன் வந்து அதையும் கற்றுக்கொண்டால் நாளைக்குத் தன் கதி என்ன என்று அவர் பயந்திருப்பார். அந்தப் பயம் பொய்யும் ஆகவில்லை. ஆனால் அவரிடம் சீடராக இருந்த ஆறுமுகம் பிள்ளை என்பவர், குருவுக்குத் தெரியாமல் இரகசியமாக வந்து, வண்ணம் குழைப்பது எப்படி, தூரிகை பிடிப்பது எப்படி என்று அந்தப் பையனுக்குக் காட்டிக் கொடுத்தார். ஆறுமுகம் பிள்ளை வரைந்த படங்களைத் தேடி இன்று யாரும் போவதில்லை. ஒருவனுக்கு வழி காட்டியதற்காகவே அவர் பெயர் நிலைத்திருக்கிறது. தன் வேலையே போய்விடக்கூடும் என்று தெரிந்தும் ஏன் வந்தார்? பையன் கையைப் பார்த்திருப்பார். கற்றுக்கொடுக்காமல் இருக்க மனசு வந்திருக்காது. எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம் உண்டு.

1866-இல் மாவேலிக்கரைக் குடும்பத்துப் பெண் பாகீரதியை இரவிவர்மாவுக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். அந்தக் கால வழக்கப்படி பெண்ணுக்கு வயது பன்னிரண்டுதான். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் மகாராஜாவின் படத்தை வரையத் திருவனந்தபுரம் வந்தார். அவரும் கற்றுக்கொடுக்கச் சம்மதிக்கவில்லை. மகாராஜா சொன்னதால், தான் வரையும்போது நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார். இரவிவர்மா நின்றார், பார்த்தார். இராத்திரி வீட்டுக்குப் போய், பார்த்ததைச் செய்து பார்த்தார். தப்பு வந்தால் மறுநாள் மறுபடியும் போய்ப் பார்த்தார். ஒருவர் இரகசியமாகக் காட்டியது, இன்னொருவர் வாய் திறக்காமல் காட்டியது. இவ்வளவுதான் அவர் எண்ணெய் வண்ணத்தில் பெற்ற பாடம். ஓவியப் பள்ளிக்கூடம் எதிலும் அவர் படிக்கவில்லை.

1870-இல் மூகாம்பிகை கோயிலுக்குப் போய் விரதம் இருந்து தொழுதார். அந்தப் பயணத்தை ஒட்டிக் கோழிக்கோட்டில் நீதிபதியாக இருந்த கிழக்கே பாலாட்டு கிருஷ்ண மேனோன் குடும்பத்தின் படத்தை வரைந்து கொடுத்தார். பணம் வாங்கிக்கொண்டு அவர் வரைந்த முதல் படம் அது. இன்றைக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் பிரபுக் குடும்பத்துப் பிள்ளை கூலி வாங்கிக்கொண்டு படம் வரைவதா என்று மூக்கைச் சுளிக்கிற காலம் அது. கை வேலை செய்து கூலி வாங்குவதில் என்ன இழிவு என்று நம்மைக் கேட்டால் சொல்வோம். அந்த வட்டாரத்தில் அதைச் செய்து காட்ட ஒரு துணிச்சல் வேண்டியிருந்தது.

பிறகு பெயர் வேகமாகப் பரவியது. 1873-இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில், கூந்தலில் மல்லிகைச் சரம் சூடிக்கொள்ளும் நாயர் பெண்ணின் படத்துக்குக் கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு வியன்னா கண்காட்சியிலும் பரிசு. அடுத்த ஆண்டு, ஸ்வரபத் என்னும் நரம்பு வாத்தியத்தை வாசிக்கும் தமிழ்ப் பெண்ணின் படத்துக்கு மறுபடியும் சென்னையில் தங்கப் பதக்கம். அந்தப் படத்தை, 1875-இல் இந்தியாவுக்கு வந்த இங்கிலாந்து இளவரசருக்குத் திருவிதாங்கூர் மகாராஜா பரிசாகக் கொடுத்தார். 1876-இல் சகுந்தலை தாமரை இலையில் காதல் கடிதம் எழுதும் படம். அதை வாங்கியவர் அப்போது சென்னை கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு.

இந்தப் பக்கிங்ஹாம் பிரபு கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1878-இல் சென்னை அரசாங்கத்துக்காக அவருடைய உருவப் படத்தை வரையும் வேலை இரவிவர்மாவிடம் வந்தது. அதற்கு முன்பே ஓர் ஐரோப்பிய ஓவியருக்காக அந்தப் பிரபு பதினெட்டுத் தடவை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டுத் தடவை! ஆனாலும் அந்தப் படத்தில் தன்னுடைய சாயல் பாதிகூட வரவில்லை என்றும், இரவிவர்மா சில தடவை உட்கார வைத்தே அதைப் பிடித்துவிட்டார் என்றும் பிரபு மெச்சிக்கொண்டாராம்.

எப்படி வந்தது அந்தச் சாயல்? நான் ஓவியன் இல்லை. பயிற்சிக் கல்லூரியில் ஓவியக் கல்வி ஒரு பாடம், அவ்வளவுதான். ஆனாலும் அவர் வரைந்த உருவப் படங்களைப் புத்தகங்களில் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்து அசையாதே என்று சொன்னால், கொஞ்ச நேரத்தில் முகத்தில் ஒரு மூடி விழுந்துவிடும். அடையாளக் கார்டுப் படத்தில் விழுகிற அதே மூடி. நல்ல ஓவியர் அந்த மூடியை வரைய மாட்டார். அது விலகுகிற நேரத்துக்காகக் காத்திருப்பார். பேச்சுக் கொடுப்பார். வந்தவர் தன்னை மறந்து ஒரு பக்கம் சாய்வார், கைத்தடியை மாற்றிப் பிடிப்பார், யாரையோ நினைத்து உதட்டைக் கடிப்பார். அப்போது கண்ணில் பட்டதை ஓவியர் மனசில் வாங்கி வைத்துக்கொள்வார். மூக்கையும் காதையும் பிறகு அளந்து போட்டுக்கொள்ளலாம். புகைப்படத்தையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம்; இரவிவர்மாவே வைத்துக்கொண்டவர்தான். அளவுக்குப் புகைப்படம் போதும். ஆளுக்கு ஆள்தான் வேண்டும்.

கைகளையும் கவனியுங்கள். முகத்தை நாம் மறைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம், கையை மறைக்கத் தெரியாது. ஒருவர் மரம் வெட்டுகிறவரா, குலை அறுக்கிறவரா, கணக்கு எழுதுகிறவரா என்று கையே சொல்லிவிடும். கை வரையத் தெரியாத பிள்ளைகள் ஆளை நிற்க வைத்துக் கையைப் பின்னால் கட்டிவிடுவார்கள். நம் பள்ளியிலும் அந்தத் தந்திரத்தை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

உண்மையைச் சொன்னால், அரசர்களையும் அரசிகளையும் அவர் வரைந்த படங்களில் எல்லாமே எனக்குப் பிடிக்காது. நகையும் சரிகையும் பதக்கமும் அச்சாக இருக்கும். ஆனால் நகைக்குள் ஆளைத் தேட வேண்டியிருக்கும். பணம் கொடுக்கிறவர் தன் நகையையும் எண்ணிப் பார்ப்பார் அல்லவா! இதற்கு மாறாக, 1893-இல் சொந்த மகள் மகாபிரபாவை அவர் வரைந்த படத்தைப் பாருங்கள். இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிறாள். அதோ அப்பா வருகிறார் என்று ஒரு பக்கமாகக் கை காட்டுகிறாள். காலடியில் ஒரு நாய். வருகிற அப்பா படத்தில் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தால் யாரோ வருகிறார் என்பது தெரிகிறது. சாயங்காலம் தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் வாசலுக்கு வருகிற எந்த வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் நிற்பாள். ஓவியம் கற்றுக்கொடுக்கும்போது இந்தப் படத்தைத்தான் நான் முதலில் காட்டுவேன்.

அந்தப் படமும் சேர்த்துப் பத்துப் படங்களை அவர் 1893-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் நடந்த உலகக் கண்காட்சிக்கு அனுப்பினார். விவேகானந்தர் பேசிப் புகழ்பெற்ற சர்வசமய மாநாடு நடந்ததும் அதே கண்காட்சியை ஒட்டித்தான். எல்லாமே நம் நாட்டுப் பெண்களைப் பற்றிய படங்கள். அவற்றில் ஒன்று வழியோரத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தென்னிந்திய நாடோடிக் குடும்பத்தின் படம். அந்தப் பெண்ணிடம் நகை கிடையாது, சரிகை கிடையாது. அவளை வரையச் சொல்லி யாரும் பணம் கொடுத்திருக்க மாட்டார்கள். சிக்காகோவில் அவருக்குப் பதக்கங்கள் கிடைத்தன.

நடுவில் சில ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1880-இல் ஆயில்யம் திருநாள் காலமானார். அடுத்து வந்த மகாராஜாவோடு இரவிவர்மாவுக்கு ஒத்துப்போகவில்லை. அரண்மனைக் கதவு ஒன்று அடைபட்டதும் ஊர் ஊராகப் போக ஆரம்பித்தார். கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பிறகு பரோடாவிலும் திவானாக இருந்த சர் தி. மாதவராவ் அவரைப் பரோடாவுக்கு வரவழைத்தார். 1881-இல் முழு ஆட்சிப் பொறுப்பேற்ற சாயாஜிராவ் மகாராஜாவின் குடும்பத்தை அங்கே வரைந்தார். பிறகு மைசூர். 1888-இல் புராணக் கதைகளிலிருந்து பதினான்கு படங்கள் வேண்டும் என்று பரோடாவிலிருந்து கேட்டு வந்தது. தம்பி இராஜராஜ வர்மாவைக் கூட்டிக்கொண்டு வட இந்தியா முழுக்கச் சுற்றினார். திரௌபதி எப்படிச் சேலை கட்டியிருப்பாள், சீதை என்ன நகை போட்டிருப்பாள் என்று பார்ப்பதற்குத்தான் அந்தப் பயணம். கடைசியில், பல ஊர்ப் பெண்கள் கட்டுகிற புடவையையே தேவிமாருக்கும் கட்டிவிட்டார். நம் சாமி படங்களில் லட்சுமி சேலை கட்டி நிற்பது அப்படி வந்ததுதான்.

இந்த ஊர் சுற்றலுக்கு வீட்டில் ஒரு விலை இருந்தது. மனைவி பாகீரதி மாவேலிக்கரையிலேயே இருந்தார். கணவர் வருவதும் போவதுமாக இருந்தார். 1891-இல் அந்த அம்மாள் இறந்துபோனார். ஐந்து பிள்ளைகள். வாசலில் நின்று அப்பா வருகிறார் என்று கை காட்டும் மகளின் படம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து வரைந்தது. இதை இப்படிச் சேர்த்துப் பார்ப்பது சரியோ தப்போ, என்னால் சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

கூடப் பிறந்தவர்களையும் சொல்ல வேண்டும். தம்பி இராஜராஜ வர்மாவும் நல்ல ஓவியர். மரம், மலை, ஆறு என்று இயற்கைக் காட்சி போடுவதில் கெட்டிக்காரர். அண்ணன் வரைகிற ஆளுக்குப் பின்னால் தோட்டமும் ஆகாயமும் தீட்டிக் கொடுத்து, கடிதம் எழுதி, கணக்குப் பார்த்து, ஆங்கிலத்தில் நாட்குறிப்பும் எழுதி வைத்தார். நாம் இன்று படிக்கிற விவரங்களில் பல அந்த நாட்குறிப்பிலிருந்து வந்தவை. தங்கை மங்கள பாயிக்கும் கை வந்த கலைதான். ஆனால் பெண்பிள்ளை. அண்ணன்மாரைப் போல ரயிலேறிப் போக முடியவில்லை. வீட்டில் இருந்தபடியே வரைந்தார். ஊர் உலகத்தின் முகத்தையெல்லாம் வரைந்த இரவிவர்மாவின் முகத்தை வரைந்து வைத்தவர் அந்தத் தங்கைதான்.

இனி நம் வீட்டுக்குப் படம் வந்த கதைக்கு வருகிறேன். எண்ணெய் வண்ணப் படம் ஒன்றுதான் இருக்கும். அதை வாங்கியவர் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டால் மற்றவர்கள் பார்க்க முடியாது. படங்களை அச்சடித்து எல்லோருக்கும் கொடுக்கலாமே என்ற யோசனையை மாதவராவ் முன்பே சொல்லியிருந்தார். 1894-இல் பம்பாயில் இரவிவர்மா அச்சகத்தைத் தொடங்கினார். யந்திரமும் வேலை தெரிந்தவர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். அந்த அச்சு முறையில் வழவழப்பான கல்லின்மேல் படத்தை வலம் இடமாக மாற்றி எழுத வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று ஒரே தாளைக் கல் கல்லாக மாற்றி அச்சடிக்க வேண்டும். ஒரு கல் இம்மி தள்ளினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும்!

மக்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். கோயிலுக்குள் நுழையவே அனுமதி இல்லாத சாதியார் நம் நாட்டில் அன்று எவ்வளவோ பேர். திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்ததே 1936-இல்தான். அதற்கு நாற்பது வருஷம் முன்பே, சாமியை வீட்டுச் சுவரில் மாட்டி, கிட்டே நின்று கண்ணுக்குக் கண் பார்த்துக் கும்பிட இந்தத் தாள் வழி செய்தது. கப்பலேறி வந்த நம் முன்னோர்களின் லயத்து வீட்டுக்கும் இந்தப் படங்கள் வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஆணி அடிக்க ஒரு பலகைச் சுவர் இருந்தால் போதுமே.

ஆனால் அச்சகத்தால் அவர் பணக்காரர் ஆகவில்லை. பம்பாயில் 1896-இல் பிளேக் நோய் பரவியது. ஆட்கள் ஊரை விட்டு ஓடினார்கள். கடன் ஏறியது. 1899-இல் அச்சகத்தை லோனாவாலா பக்கத்தில் மளவலி என்ற சிற்றூருக்கு மாற்றினார்கள். அங்கும் பாரம் குறையவில்லை. கடைசியில் தன்னிடம் வேலை பார்த்த ஷ்லைஷர் என்ற ஜெர்மானியருக்கே விற்றுவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தப் படங்கள் காலண்டரிலும் தீப்பெட்டியிலும் சரக்கு லேபிளிலும் ஏறி இன்னும் பெருகின. மளவலி அச்சகம் 1972-இல் தீப்பிடித்து எரிந்து, அங்கே மிச்சமிருந்த படங்களில் ஏராளமானவை அழிந்துபோயின. அதற்குள் தமிழ்நாட்டில் கோவில்பட்டியில் இருந்த கொண்டையராஜு போன்ற ஓவியர்கள் சாமி படம் எழுத, சிவகாசி அச்சகங்கள் காலண்டர் அடித்து உலகமெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தன. இன்று நம் சுவரில் இருப்பது பெரும்பாலும் அந்தப் பரம்பரைப் படம்.

இரவிவர்மாவை எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். இலங்கைத் தமிழரான சர் முத்துக்குமாரசுவாமியின் மகன், கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1907-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்தப் படங்களைக் கடுமையாகக் குறை சொன்னார். ஐரோப்பிய முறையைக் கடன் வாங்கியது, தெய்வங்களை நாடக மேடைக்குக் கொண்டுவந்துவிட்டது என்பது அவர் கட்சி. நாயக்கர் காலத்துச் சிற்பத்தையும் சோழர் கால நடராஜரையும் பார்த்த கண்ணுக்கு அப்படித் தோன்றியதில் ஞாயம் இருக்கிறது. என் பங்குக்கு இன்னொரு குறை. அச்சில் வந்த தேவிமார் எல்லாம் ஒரே வெள்ளைச் சிவப்பு நிறம். வண்ணப் பென்சில் பெட்டியில் தோல் நிறம் என்று பிள்ளைகள் சொல்வதும் ஒரு வெளிர் ரோஜா நிறத்தைத்தான். தன் அம்மாவை வரையச் சொன்னால் அதையே எடுத்துப் பூசுகிறார்கள். அம்மா அந்த நிறமா என்று கேட்டால் யோசிக்கிறார்கள். பிறகு பழுப்பு நிறத்தைத் தேடுகிறார்கள்.

1904-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் இரவிவர்மாவுக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. மறு வருஷமே, 1905 ஜனவரியில், தம்பி இராஜராஜ வர்மா காலமானார். நாற்பத்தைந்து வயதுகூட முழுதாக இல்லை. அண்ணன் நொடிந்து போனார். கால் நூற்றாண்டாகப் பக்கத்தில் நின்று ஆகாயம் தீட்டிக் கொடுத்த ஆள் இல்லாமல் தனியாகத் தூரிகை பிடிப்பது எப்படி இருந்திருக்கும்! நீரிழிவு நோயும் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. நம் குடும்பங்களில் இந்த நோயைத் தெரியாதவர் யார்? கிளிமானூருக்கே திரும்பினார். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், ஐம்பத்தெட்டாம் வயதில், பிறந்த வீட்டிலேயே கண் மூடினார். அவர் வரைந்த படங்களைத் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா ஓவியக்கூடத்திலும், மைசூர் ஜகன்மோகன் அரண்மனையிலும், பரோடா லட்சுமி விலாஸ் அரண்மனையிலும், சென்னை எழும்பூர் அரும்பொருளகத்திலும் வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்குக் கோயில் யாத்திரை போகிறவர்கள் அரை நாள் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

இந்த ஆண்டு ஓவியப் பாடத்தில் வழக்கமாகப் போடும் புக்கிட் மெலாவத்தி கலங்கரை விளக்கத்தையும் கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சியையும் விட்டுவிட்டு, வீட்டில் உள்ள பெரியவர் ஒருவரைப் பார்த்து வரைந்து வரச் சொன்னோம். புகைப்படத்தைப் பார்த்து வரையக் கூடாது, எதிரே உட்கார வைத்துத்தான் வரைய வேண்டும், அவர் பேசிக்கொண்டே இருக்கலாம் என்று சொல்லி அனுப்பினோம். வெற்றிலை மெல்லும் பாட்டி, செம்பனை முள் குத்திய விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பா, தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன தாத்தா, இப்படி இருபத்து மூன்று படங்கள் வந்து சேர்ந்தன. பரிசளிப்பு விழா மண்டபத்தின் பின்சுவரில் அவற்றை ஒட்டி வைத்திருக்கிறோம். எந்தப் படத்துக்கும் கீழே பெயர் எழுதவில்லை. யார் யார் என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.